தைக்கோ வகுப்பில் முதல் பருவம்: காலில் தொடங்கும் முரசு

கல்லூரிப் பாடப் பட்டியலில் நடனத் துறைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால் பாலே, மாடர்ன், ஆப்பிரிக்க நடனம் என்று வரிசையாகப் போய், நடுவில் 'தைக்கோ' என்று ஒரு வரி நிற்கும். ஜப்பானிய முரசு. முரசுக்கு நடனத் துறையில் என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "இவ்வளவு பீஸ் கட்டி மேளம் அடிக்கவாடி அவ்வளவு தூரம் போனே?" என்றார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் தைக்கோ என்றால் பெரும்பாலும் மாணவர்கள் தாங்களே நடத்தும் குழுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1990-ல் தொடங்கிய கியோடோ தைக்கோ வட அமெரிக்காவின் முதல் கல்லூரிக் குழு. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 1992-ல் தொடங்கினார்கள். சில இடங்களில் மட்டும், பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியைப் போல, நடனத் துறையே இதை வகுப்பாக நடத்துகிறது. நான் படித்தது வேறு கல்லூரி, ஆனால் அங்கேயும் நடனத் துறைதான். ஏன் அங்கே வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாம் வாரத்தில் தொடை நடுங்கும்போது புரிந்துவிடும். தைக்கோவில் கை அடிப்பது கடைசியாக நடக்கும் வேலை. பாதம் தரையை அழுத்துகிறது, இடுப்பு இறங்குகிறது, அங்கிருந்து எழும் விசை தோள் வழியாகக் கைக்கு வருகிறது. அதன் பிறகுதான் சத்தம். தாளம் நன்றாகத் தெரிந்த இருவர் என் வகுப்பில் இருந்தார்கள். முதல் மாதத்தில் அதிகம் திணறியது அவர்கள்தான்.

பெயர் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

முன் அனுபவம் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொடக்க நிலை வகுப்புகளில் பெரும்பாலும் வேண்டாம். அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று இருக்கின்றன.

பருவ இறுதியில் மேடை ஏறியே ஆக வேண்டுமா? பெரும்பாலும் ஆம் என்பார்கள். அப்படியானால் கடைசி இரண்டு வார மாலைகளை இப்போதே ஒதுக்கிவையுங்கள், ஒத்திகை அவற்றை விழுங்கிவிடும். வருகைக்கு எவ்வளவு மதிப்பெண்? எட்டுப் பேர் சேர்ந்து அடிக்கும் உருப்படியில் ஒருவர் வராவிட்டால் ஏழு பேரின் வகுப்பும் கெடும் என்பதால் இதில் ஆசிரியர்கள் கறாராக இருப்பார்கள். மூன்றாவது, எந்தப் பாணி?

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜப்பானில் முரசு மிகப் பழையது. கோவிலிலும் திருவிழாவிலும் நாடகத்திலும் இருந்தது. ஆனால் பல அளவு முரசுகளை மேடையில் அடுக்கிப் பத்துப் பேர் சேர்ந்து அடிக்கும் இன்றைய வடிவம் நம் தாத்தா பாட்டி காலத்துச் சமாச்சாரம்தான். நாகானோ மாநிலத்தைச் சேர்ந்த தாயிஹாச்சி ஒகுச்சி என்ற ஜாஸ் டிரம் கலைஞர், கோவில் முரசுக்கான பழைய குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, டிரம் செட்டில் ஒருவர் செய்வதைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, 1951-ல் தொடங்கியது இது. அப்புறம் டோக்கியோவில் சுகெரோகு குழு வந்தது. கோடைக்கால போன் திருவிழா நடன மேடையில் முரசடித்த இளைஞர்கள் அவர்கள். முரசைச் சாய்வான ஸ்டாண்டில் வைத்து, கையை வீசி, இடம் மாறி மாறி அடிக்கும் பாணி அவர்களுடையது. 1969-ல் சாடோ தீவில் ஒன்தெகோசா என்ற குழு உருவாகி, ஓட்டப் பயிற்சியையும் முரசையும் ஒன்றாகக் கட்டியது. 1975-ல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்து, முடிந்த இடத்திலேயே முரசடித்துக் காட்டினார்கள். அந்தக் குழுவிலிருந்து பிரிந்து 1981-ல் வந்ததுதான் உலகம் சுற்றும் கோடோ.

உங்கள் ஆசிரியர் இவற்றில் எந்தக் கிளையில் பழகினாரோ, அதற்கேற்ப உங்கள் உடம்பின் எந்தப் பகுதி வலிக்கும் என்பது தீர்மானமாகும். சாய்வு ஸ்டாண்டு என்றால் முன் தொடையும் இடது தோளும். மியாகே தீவின் பாணி என்றால் முரசு தாழப் படுத்திருக்கும். பக்கவாட்டில் காலை அகட்டி, உட்காருவது போல இறங்கி அடிக்க வேண்டும், இடுப்பும் பின் தொடையும் கேட்கும். சிச்சிபு ஊரின் திருவிழா முரசு தரையில் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து அடிப்பது. அதில் வயிறு என்ற ஒன்று உங்களுக்கு இருப்பது தெரியவரும். முழங்கால், முதுகு, மணிக்கட்டு ஆகியவற்றில் பழைய காயம் இருந்தால் இதைக் கேட்காமல் சேராதீர்கள். சேர்ந்த பிறகும் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வேறு ஸ்டாண்டு, வேறு உயரம், சில சமயம் வேறு வாத்தியம் என்று மாற்றித் தருவார்கள்.

முதல் நாள் என்ன எடுத்துப் போவது

காலை அகட்ட இடம் கொடுக்கும் பேன்ட், வியர்வை உறிஞ்சும் பனியன், பெரிய தண்ணீர் பாட்டில், சிறிய துண்டு, விளையாட்டுக் கடையில் கிடைக்கும் வெள்ளை டேப், நுரையால் ஆன காது அடைப்பான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் வீட்டில் இருக்கட்டும். மோதிரம் குச்சியைக் கீறும், உங்கள் விரலையும் கிழிக்கும். நடன அறையின் மரத்தளத்தில் செருப்பு கிடையாது, வெறுங்கால்தான். மேடைக்கு 'தாபி' என்ற, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த துணிக் காலணி கொடுப்பார்கள். இப்போதே வாங்க வேண்டாம்.

குச்சியையும் உடனே வாங்க வேண்டாம். துறையிடம் இருக்கும். ஜப்பானியத்தில் அதன் பெயர் 'பச்சி'. தமிழில் அதை எழுதவும் சொல்லவும் கொஞ்சம் சங்கடம் என்பதால் இங்கே குச்சி என்றே வைத்துக்கொள்கிறேன். பொதுவாக ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், பெருவிரல் தடிமன். ஓக் மரக் குச்சி கனமானது, சத்தம் அழுத்தமாக வரும். ஹினோகி மரத்தில் செய்தது எடை குறைவு, பெரிய முரசுக்குத் தடிமனாகச் செய்துகொள்வார்கள். இரண்டு மாதம் அடித்த பிறகு உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று தெரியும், அப்போது வாங்கலாம்.

அறையில் எதிரே நிற்பவை

அதிகமாகப் புழங்கப்போவது 'நாகாதோ'. நீண்ட உடல், வயிறு பிதுங்கிய வடிவம், இரு முகத்திலும் மாட்டுத்தோல், விளிம்பைச் சுற்றி இரண்டு வரிசை ஆணி. நல்ல நாகாதோவை ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்வார்கள். கெயாகி என்ற மரம் அதற்குப் பேர்போனது. முகத்தின் அளவை ஷாகு கணக்கில் சொல்வார்கள், ஒரு ஷாகு 30.3 சென்டிமீட்டர். வகுப்பில் இருப்பவை பெரும்பாலும் ஒன்றரை ஷாகுவைச் சுற்றி இருக்கும். இவற்றின் விலை அமெரிக்கக் குழுக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் லாஸ் ஏஞ்சல்ஸின் ஒரு பௌத்தக் கோவிலில் 1969-ல் தொடங்கிய கின்னாரா குழு, ஒயின் பீப்பாய்க்குத் தோல் போட்டு முரசு செய்தது. இன்றும் அமெரிக்காவில் நீங்கள் அடிக்கும் முரசைக் கிட்டப்போய்ப் பார்த்தால் பீப்பாய்ப் பலகைகளின் இணைப்பு தெரியும் வாய்ப்பு அதிகம்.

சிறியது, உச்சஸ்தாயியில் 'டெக் டெக்' என்பது ஷிமே. கயிறோ போல்ட்டோ வைத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள். குழுவுக்குத் தாளம் பிடிப்பது அதுதான், புதியவருக்கு உடனே தர மாட்டார்கள். பலகை இணைத்துக் கயிறு கட்டிய, எடை குறைந்த முரசு ஒகேதோ. தோளில் மாட்டிக்கொண்டு ஆடலாம். ஆள் உயரத்துக்கு இருப்பது ஓதைக்கோ. பார்வையாளருக்கு முதுகைக் காட்டி அதன் முன் நின்று தனியாக அடிக்கும் காட்சியை நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பழங்காலச் சடங்கு போலத் தோன்றும் அந்த நிலையை மேடைக்குக் கொண்டுவந்தவர் எய்தெத்சு ஹயாஷி, ஒன்தெகோசாவின் முதல் தலைமுறைக் கலைஞர். முதல் பருவத்தில் அதன் அருகே உங்களை விட மாட்டார்கள்.

தோலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வகுப்பில் யாரும் சொல்வதில்லை. தோல் பதனிட்டு முரசு செய்தவர்கள் ஜப்பானில் நெடுங்காலம் தீட்டு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள். புராகுமின் என்பார்கள். ஒசாகா நகரின் நானிவா பகுதி அப்படி முரசு செய்தவர்களின் ஊர். முரசைச் செய்து கொடுக்க மட்டும் கை வேண்டும், அடிக்கும்போது வேறு கை என்றிருந்த நிலையில், 1987-ல் அங்கிருந்த இளைஞர்கள் தாங்களே அடிக்க ஒரு குழு தொடங்கினார்கள். குழுவுக்கு வைத்த பெயர் 'இகாரி', கோபம். பறையின் கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அறைக்குள் நடந்துகொள்வது

உள்ளே வந்ததும் முதல் வேலை முரசு தூக்குவது. நாகாதோவை இருவர் தூக்க வேண்டும், முழங்காலை மடக்கி. தரையில் இழுத்தால் நடனத் தளம் கீறும், துறையில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். முரசின் முகத்தின் மேல் தண்ணீர் பாட்டில், போன், பை எதையும் வைக்கக் கூடாது. கீழே கிடக்கும் குச்சியைத் தாண்டக் கூடாது. ஹீட்டர் பக்கத்தில் முரசை நிறுத்தக் கூடாது, வறண்ட காற்றில் மரம் வெடிக்கும். புத்தகத்தை மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதெல்லாம் சொல்லாமலே வரும்.

தொடங்கும்போது எல்லோரும் குனிந்து 'ஒனெகாய்ஷிமாஸ்' என்பார்கள், தயவுசெய்து கற்றுக்கொடுங்கள் என்ற பொருளில். முடிக்கும்போது 'அரிகாதோ கோசாய்மாஷிதா'. ஆசிரியரை 'சென்செய்' என்று அழைப்பதா, பெயர் சொல்லி அழைப்பதா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அவரே சொல்வார். எங்கள் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். எனக்குக் கடைசி வரை வாய் வரவில்லை, சென்செய் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நிற்பது

முதல் இரண்டு வாரம் குச்சி இல்லாமலே போகலாம். பொறுமை வேண்டும். சாய்வு ஸ்டாண்டு பாணியில் நிற்கும் விதம் இது:

முரசுக்கு நேராக நின்று, குச்சிகளோடு இரு கையையும் நீட்டுங்கள். குச்சி முனைகள் தோலின் நடுவில் வந்து சேர வேண்டும். எட்டிப் பிடிக்கும்படியும் கூடாது, முழங்கை மடங்கிக் கிடக்கும்படியும் கூடாது. அந்தத் தூரம் உங்களுடையது.

இப்போது காலைத் தோளைவிட நன்றாக அகட்டுங்கள். இடது முழங்காலை மடக்கி எடையை அதில் இறக்குங்கள். வலது காலைப் பின்னால் நீட்டுங்கள், குதிகால் தரையில் இருக்கட்டும். மடங்கிய முழங்கால் பாதத்தின் கட்டைவிரல் பக்கம் சரியாமல், பாதம் எந்தத் திசையோ அந்தத் திசையிலேயே நிற்க வேண்டும். முழங்கால் வலியில் பாதி இந்த ஒரு தவறால் வருவது. முதுகு நேர். இடுப்பைப் பின்னால் தள்ளாதீர்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு கனமான கல்லை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அந்த இடத்துக்கு ஜப்பானியத்தில் 'ஹரா' என்று பெயர்.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரைமண்டி பழகியதால் உங்கள் தொடை தாங்கும். ஆனால் பழக்க தோஷத்தில் இரு முழங்காலும் மடங்கும், பாதம் இரண்டும் வெளியே திரும்பும். இங்கே ஒரு கால் மடங்கும், ஒரு கால் நீளும், எடை இரண்டுக்கும் நடுவே போய் வரும். அறையின் கண்ணாடியில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் பார்த்தபின் கண்ணாடிக்கு முதுகைத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி இல்லாத மேடையில் உடம்பு தொலைந்துபோகும்.

பயிற்சி: இந்த நிலையில் ஒரு நிமிடம். நடுக்கம் வந்தால் எழுந்து உதறிவிட்டு மறுபடி. வாரத்துக்கு அரை நிமிடம் கூட்டினால் பருவ முடிவில் ஓர் உருப்படி முழுக்கத் தாங்கும்.

குச்சி

குச்சியின் அடியில், கடைசி நுனியை ஒட்டிப் பிடியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடிமானம். பெருவிரலும் ஆள்காட்டியும் வழிகாட்ட மட்டும். புதியவர்கள் எல்லோரும் ஆள்காட்டி விரலை இறுக்குவார்கள். கொப்புளம் எங்கே வருகிறது என்று பார்த்தாலே உங்கள் பிடி தெரிந்துவிடும்.

அடியை நான்காகப் பிரித்துப் பழகலாம். கையை நேராக மேலே தூக்குங்கள், குச்சி முனை கூரையைக் காட்டட்டும். முழங்கை முதலில் இறங்கட்டும். பின் முன்கை. தோலைத் தொடும் கணத்தில் மட்டும் மணிக்கட்டுச் சொடுக்கு, பிடியும் அந்தக் கணத்தில் மட்டும் இறுக்கம். பட்டதும் விட்டுவிட வேண்டும், தோலே குச்சியைத் திருப்பித் தூக்கிவிடும். குச்சியைத் தோலுக்குள் புதைக்கிற மாதிரி அடித்தால் சத்தம் செத்துப்போகும், மணிக்கட்டும் போகும். துவைக்கும்போது துணியைக் கல்லில் அடிப்பவர் கையைக் கவனித்திருக்கிறீர்களா? துணி கல்லில் பட்ட நொடியில் கை தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சிதான் வேண்டும்.

கையைத் தூக்குவதும் அடியில் சேர்த்திதான். அடிக்காத நேரத்தில் கை இருக்கும் இடம், அதன் பாதை, எட்டுப் பேரின் கையும் ஒரே கோணத்தில் நிற்பது எல்லாம் சேர்ந்து 'காதா', அதாவது வடிவம். நடனத் துறையில் மதிப்பெண் அதற்குத்தான் அதிகம்.

மூன்றாம் வாரம் வியர்த்த கையிலிருந்து என் குச்சி நழுவிப் பறந்து, பின்னால் இருந்த பெரிய கண்ணாடியில் மோதியது. கண்ணாடி உடையவில்லை. அறை மொத்தமும் நின்றுவிட்டது. ஆசிரியர் குச்சியை எடுத்து வந்து கொடுத்து, "துண்டு எதற்கு வைத்திருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு இடைவெளியிலும் கையையும் குச்சியையும் துடையுங்கள்.

வாயால் அடிப்பது

எனக்கு இந்த வகுப்பில் மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டுவேன். தைக்கோவை எழுதிப் படிக்க மாட்டார்கள், சொல்லிப் படிப்பார்கள். 'குச்சி ஷோகா' என்று பெயர் ('குச்சி' என்றால் ஜப்பானியத்தில் வாய், நம் குச்சி இல்லை). மிருதங்கச் சொற்கட்டு கேட்டவர்களுக்கும் நட்டுவாங்கத்துக்கு ஆடியவர்களுக்கும் இது சொந்த வீடு. சொற்கள் நம்முடையதைவிட மிகக் குறைவு:

டோன்: தோலின் நடுவில் ஒரு முழு அடி.
டொகொ: அதே நேரத்துக்குள் இரண்டு அடி, வலது இடது.
கா: விளிம்பில் ஒரு அடி.
கரா: விளிம்பில் இரண்டு, அதே வேகத்தில்.
ட்ஸு: மெல்லிய அடி.
ஸு: அடியே இல்லை, ஆனால் சொல்ல வேண்டும்.

ஷிமே அடிப்பவர்களுக்கு டோனுக்குப் பதில் 'தென்', டொகொவுக்குப் பதில் 'தெகெ'. வாத்தியம் எது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

பழகுவதற்கு ஒன்று:

டோன் / டோன் / டொகொ / டோன்
கா / கா / டொகொ / டோன்

ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஒரே அளவு நேரம். தாளத்தின் மேல் விழுவது வலது கை, இடையில் விழுவது இடது. ஆக இதில் 'கொ' மட்டும்தான் இடது. முதலில் நடந்துகொண்டே சொல்லுங்கள், ஒரு சொல்லுக்கு ஓர் எட்டு. அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு. அப்புறம் கடைசி டோனுக்குப் பதில் ஸு போட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த வெற்றிடத்தில் அவசரப்படாமல் நிற்க முடிகிறதா? பெரும்பாலும் முடியாது, அடுத்த அடிக்குத் தாவிவிடுவோம். அந்த இடைவெளிக்கு 'மா' என்று பெயர். அதற்கும் ஒரு நீளம் உண்டு, அதையும் அடியைப் போலவே அடிக்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் வாரம் தவறாமல் சொன்னார்.

எல்லா உருப்படிக்கும் கீழே ஓடும் அடித்தாளத்தின் பெயர் 'ஜி'. இரண்டு வகை முதலில் போதும். டொகொ டொகொ என்று சமமாக ஓடுவது ஒன்று. மற்றது டோன்-கொ டோன்-கொ என்று முதல் அடி நீண்டு இரண்டாவது குட்டையாகும், குதிரை நடை மாதிரி. இந்த இரண்டாவதைத் தாளில் எழுதிப் படித்தால் வரவே வராது, வாயில் வந்தால் கையில் தானாக வரும்.

இன்னொன்றும் கட்டாயம் கற்றுத் தருவார்கள்: 'ஒரோஷி'. மெதுவாக, பெரிய இடைவெளியில் தொடங்கி, நெருங்கி நெருங்கி, கடைசியில் ஒரே உருட்டாகும் அடி. பந்தைக் கீழே போட்டால் துள்ளல் நெருங்கி வருமே, அதுதான் அளவுகோல். குழுவாகச் செய்யும்போது யாரும் எண்ண முடியாது, பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டுத்தான் நெருக்க வேண்டும்.

கத்துவது

'சோரே!', 'ஹா!', 'யோ!' என்று அடிக்கு நடுவில் குரல் கொடுப்பது 'காகெகோயெ'. அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த பகுதி தொடங்குகிறது, சோர்ந்துபோகாதே, உன் முறை வருகிறது என்று பல செய்திகள் அதில் போகும். அதோடு, கத்தினால் மூச்சு வெளியே போய்த்தான் ஆக வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு அடிக்கும் புதியவர்களுக்கு அதுவே மருந்து. தொண்டையிலிருந்து கத்தினால் மறுநாள் குரல் இருக்காது. வயிற்றிலிருந்து, குட்டையாக. கூச்சம் எல்லோருக்கும் இருக்கும். பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு 'ரைட்! ரைட்!' என்று குரல் கொடுக்கும் கண்டக்டரை நினைத்துக்கொண்டுதான் நான் கத்தினேன், வேலை செய்தது.

கையும் காதும்

கொப்புளம் வரும். உடைக்காதீர்கள், உடைந்தால் கழுவி, உலரவைத்து, மேலே டேப் சுற்றுங்கள். வருவதற்கு முன்பே டேப் சுற்றுவது இன்னும் நல்லது. ஆறு வாரத்தில் கை காப்புக் காய்த்துவிடும். மணிக்கட்டில் சுரீரென்று வலித்தால் அது வேறு, அன்றே நிறுத்துங்கள்.

காதை யாரும் பொருட்படுத்துவதில்லை, எனக்கு அதில்தான் கோபம். அமெரிக்காவின் தொழில்முறைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் அளவுப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். மூடிய நடன அறையில் எட்டு முரசு சேர்ந்து அடித்தால் அந்த 100-ஐத் தொடுவது சாதாரணம், வகுப்போ ஒன்றரை மணி நேரம். அடைப்பான் போட்டால் குழுவின் சத்தம் கேட்காது என்று சிலர் சொல்வார்கள். கேட்கும். தோலின் அதிர்வு வயிற்றில் கேட்கும், பக்கத்தில் இருப்பவர் கை கண்ணில் தெரியும். வகுப்பு முடிந்து காதில் ரீங்காரம் கேட்டால் அன்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

அறையில் தனியாகப் பயிற்சி

விடுதியில் முரசு கிடையாது, இருந்தாலும் பக்கத்து அறைக்காரர் விட மாட்டார். தைக்கோக்காரர்கள் பழைய கார் டயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். பஞ்சர் கடைகளில் சும்மாவே தருவார்கள். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். பெட்டி ஒட்டும் அகலமான டேப்பை, டயரின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு நன்றாக இழுத்து ஒட்டுங்கள். கொஞ்சம் நகர்த்தி மறுபடி, சைக்கிள் சக்கரத்தின் கம்பி மாதிரி, எல்லாம் நடுவில் வெட்டிக்கொள்ளும்படி. ஓட்டை முழுக்க மூடும் வரை சுற்றி, அதன் மேல் இன்னும் இரண்டு அடுக்கு. இழுவை எவ்வளவு விறைப்போ அவ்வளவு நன்றாகக் குச்சி துள்ளும். அதை ஒரு உறுதியான பெட்டியின் மேல் இடுப்பு உயரத்தில் வையுங்கள். சத்தம் 'தப் தப்' என்று மொக்கையாக இருக்கும், அதுவும் நல்லதுக்கே, வடிவத்தில் கவனம் போகும். டேப் தளர்ந்தால் வெட்டியெறிந்து புதிதாக ஒட்டுங்கள்.

நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும்: ஐந்து நிமிடம் நிற்பது, ஐந்து நிமிடம் வாய், ஐந்து நிமிடம் மெதுவான அடி. வேகம் வகுப்பில் வந்துகொள்ளும்.

மேடை

உங்கள் குழு எந்த ஊர் மரபை எடுத்து ஆடுகிறதோ, அந்த ஊர்ப் பெயரை நிகழ்ச்சித் தாளில் போடச் சொல்லுங்கள். மியாகே, ஹச்சிஜோ, சிச்சிபு எல்லாம் இன்றும் அந்தந்த ஊரில் அடிக்கப்படுபவை. தனி மனிதர் அமைத்த உருப்படி என்றால் அனுமதி வாங்க வேண்டும். அது ஆசிரியரின் வேலை, ஆனால் கேட்டுவைப்பது நல்லது.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில் முரசு நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுவார்கள். அதைக் காலால் தடவிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் நுழையும்போது கண்ணுக்குத் தெரியாது. 'ஹப்பி' என்ற குட்டை அங்கியின் கையை மடித்துத் தைத்துவிடுங்கள், தொளதொளவென்று விட்டால் குச்சி மாட்டிக்கொள்ளும். நெற்றித் துணியை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். குச்சி ஒரு ஜோடி கூடுதலாக ஸ்டாண்டின் பின்னால் சொருகியிருக்கட்டும். கை நழுவினாலோ தாளம் தவறினாலோ நிற்காதீர்கள், வாயில் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த டோனில் சேர்ந்துகொள்ளுங்கள். முகம் மட்டும் மாறக் கூடாது. கை தவறியது பார்வையாளருக்குத் தெரியாது, நீங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டது கடைசி வரிசைக்குத் தெரியும்.

முடிந்ததும் பூங்கொத்தோடு நண்பர்கள் காத்திருப்பார்கள். முதலில் முரசுகளை உறையிட்டு வண்டியில் ஏற்றிவிட்டுப் போங்கள், நாகாதோவுக்கு இருவர் வேண்டும் என்பது அப்போதும் மாறாது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.